ஒரே பீட்சா கடை: ஒருத்தருக்கு அமிர்தம், இன்னொருத்தருக்கு அட்டை

பக்கத்தில் ஒரு பீட்சா கடை இருக்கிறது, போகலாமா என்று பார்க்க ரிவ்யூக்களைத் திறக்கிறீர்கள். முதல் ஆள் "வாழ்நாளில் இப்படி ஒரு பீட்சா சாப்பிட்டதில்லை" என்கிறார். அடுத்த ஆள், அதே வாரம், அதே கடை, "அட்டையை மென்ற மாதிரி இருந்தது, காசைத் தண்டம் அழாதீர்கள்" என்கிறார். மூன்றாவது ஆள் வண்டி நிறுத்த இடமில்லை என்பதைப் பற்றி மட்டும் நாலு பத்தி எழுதியிருக்கிறார். குழம்பிப் போய் ஃபோனை மூடிவிட்டு, இருக்கிறதைச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம்.

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஒரே கடைக்குப் போய், ஒரே பீட்சாவை ஆர்டர் செய்து, இரண்டு வெவ்வேறு பீட்சாவைச் சாப்பிடும்வரை.

முதல் தடவை செவ்வாய்க்கிழமை, மதியம் நாலு மணி வாக்கில், தனியாக. கடையில் என்னைத் தவிர இரண்டே பேர். வந்த பீட்சாவின் ஓரம் நன்றாக உப்பியிருந்தது, அடியில் பழுப்புப் புள்ளிகள், முள்கரண்டியால் தட்டினால் லேசாக டொக்கென்று சத்தம் வந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அளக்காத குறைதான். சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஆறு பேராகப் போனோம். அக்கா முதல் துண்டை எடுத்தாள். முனை அப்படியே தொங்கிப்போய், சீஸ் ஒரே பாளமாக வழுக்கித் தட்டில் விழுந்தது, பின்னாலேயே சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர். துண்டைத் திருப்பிப் பார்த்தேன், அடி வெள்ளைவெளேரென்று இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பில் கொடுக்கப் போனபோது அடுப்புப் பக்கம் நின்றவரிடம் கேட்டேன். மனுஷன் மறைக்கவில்லை. "கல்லுல சூடு இறங்கிடுச்சு சார். எட்டு மணியில இருந்து ஒன்னு எடுக்க ஒன்னு வைக்கன்னு போயிட்டிருக்கு, கல்லு எங்க சூடேறும்?"

அந்த ஒரு வரியிலேயே பாதி ரிவ்யூக்களுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஒரு கடையைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால், பெரும்பாலும் இரண்டும் உண்மைதான். அவர்கள் போன நேரம் வேறு, ஆர்டர் வேறு, எதிர்பார்ப்பு வேறு. அதனால் நல்ல கடையா கெட்ட கடையா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எந்தச் சூழ்நிலையில் இந்தக் கடை நன்றாகச் செய்கிறது என்று பாருங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சூழ்நிலைக்கு ஏற்றபடி நாம் போய்க்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இவ்வளவும்.

முதலில் அடுப்பு

கல் பதித்த அடுப்பில் பீட்சாவின் அடிப்பாகத்தை வேகவைப்பது கல்லில் சேர்ந்திருக்கும் சூடு. ஈரமான, குளிர்ந்த மாவை அதன்மேல் வைத்ததும் அந்த இடத்துச் சூட்டை மாவு உறிஞ்சிக்கொள்கிறது. எடுத்த பிறகு அந்த இடம் மறுபடி சூடேறக் கொஞ்ச நேரம் வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் அது தானாகக் கிடைத்துவிடும். சனிக்கிழமை ராத்திரியில் கிடைக்காது. இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால் அடுப்புக்குள் இருக்கும் காற்று சீக்கிரம் சூடேறிவிடும், அதனால் மேலே சீஸ் உருகிப் பொன்னிறமாகிவிடும், சமைப்பவரும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவார். மேலே பார்த்தால் அழகு, கீழே பச்சை மாவு. ரிவ்யூவில் "பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் நடுவில் வேகவே இல்லை" என்று யாராவது எழுதியிருந்தால் உடனே அவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனார் என்று தேடுங்கள்.

இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினையும் உண்டு. கடை திறந்த உடனே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் தடிமனான கல் முழுக்கச் சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். சீக்கிரமே அடுப்பைப் பற்றவைக்கிற கடையில் பயமில்லை. எந்தக் கடை எப்படி என்று வெளியிலிருந்து தெரியாதே, அதனால் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது.

சங்கிலிப் பட்டையில் பீட்சா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் கன்வேயர் அடுப்பு வைத்திருக்கிற கடைகளில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. வேகமும் சூடும் முன்னாலேயே அமைத்து வைத்தது, யார் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளியே வரும். பிரமாதமாகவும் இருக்காது, மோசமாகவும் இருக்காது. அந்தக் கடைகளின் ரிவ்யூக்களில் சண்டை பெரும்பாலும் சர்வரைப் பற்றியோ டெலிவரியைப் பற்றியோ இருக்கும், கவனித்துப் பாருங்கள். விறகு அடுப்பு இன்னொரு கோடி. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் பீட்சா வெந்துவிடும், அந்த நேரத்துக்குள் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சமைப்பவர் பத்து விநாடி திரும்பி யாருக்காவது பதில் சொன்னால் ஒரு பக்கம் கருகிவிடும். இந்த மாதிரிக் கடையில் அடுப்பு முன்னால் நிற்கிற கை மாறினால் பீட்சாவும் மாறும்.

அப்புறம் மாவு. நிறைய கடைகளில் மாவைப் பிசைந்து குளிர்பெட்டியில் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை புளிக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் மாவில் இருக்கிற நொதிகள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கின்றன, அடுப்பில் அந்த நல்ல பழுப்பு நிறமும் வாசனையும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்து ஊறிய மாவு தீர்ந்துபோனால் சில கடைகள் "இன்று முடிந்தது" என்று சொல்லிவிடும். சில கடைகள் சொல்லாமல் அன்றைக்குப் பிசைந்ததையே போட்டுவிடும். அது இழுத்தால் சுருங்கிக்கொள்ளும், சரியாக மெலியாது, மெல்லும்போது தாடை வலிக்கும். "முன்பு போல் இல்லை, ரப்பர் மாதிரி இருக்கிறது" என்று வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் புலம்பியிருந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது மாவின்மேல்தான். "மாவு தீர்ந்துவிட்டது" என்று ஒரு கடை பத்து மணிக்கே கதவைச் சாத்துகிறது என்று கோபமாக ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அதைப் படித்ததும் அந்தக் கடைக்குப் போக வேண்டும் என்றுதான் தோன்றியது.

குறை என்று எழுதியிருப்பது குறைதானா

நிறைய ஒரு ஸ்டார்கள் தவறான கடைக்குப் போனதால் வருகின்றன. கடைமேல் தப்பே இல்லை, வந்தவர் மனதில் வேறு பீட்சா இருந்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி பீட்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-இலிருந்து பதிவு செய்த விதிமுறையே இருக்கிறது: 35 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது, ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பியிருக்க வேண்டும், நடுவில் 4 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். மென்மையாக, மடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதாவது முனை தொங்குவதும், நடுப்பகுதி கொஞ்சம் ஈரமாக இருப்பதும், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதும் அந்தப் பாணியின் இயல்பு. மொறுமொறுப்பை எதிர்பார்த்துப் போனவர் இதைப் பார்த்து "வேகவில்லை, ஆனால் கருகியும் இருக்கிறது, எப்படித்தான் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்களோ" என்று எழுதுவார். படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாணி தெரிந்தவருக்கு அது கடைக்கான சான்றிதழ் மாதிரி.

(அப்படியென்றால் என் சனிக்கிழமை பீட்சாவும் அந்த ரகமோ என்று கேட்காதீர்கள். புள்ளிகளோடு ஈரமாக இருப்பது வேறு, அடி வெளுத்துப்போய் ஈரமாக இருப்பது வேறு.)

சிகாகோவின் ஆழத்தட்டு பீட்சா வேகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாஸ் சீஸுக்கு மேலே இருக்கும். தெரியாமல் போனவர் "நாற்பது நிமிஷம் காக்க வைத்தார்கள், தலைகீழாகச் செய்து கொடுத்தார்கள்" என்பார். டெட்ராய்ட் பாணியில் செவ்வகத் தட்டின் ஓரத்தில் சீஸ் கருத்து மொறுமொறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுக்காகவே ஓரத் துண்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தெரியாதவர் அதைச் சுரண்டி ஓரமாக வைத்துவிட்டு "சீஸ் தீய்ந்துவிட்டது" என்று எழுதுவார். 1962-இல் கனடாவில் உணவகம் நடத்திய சாம் பனோபுலஸ் பீட்சாமேல் அன்னாசியைப் போட்டாலும் போட்டார், அன்றிலிருந்து ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. அன்னாசியைத் திட்டுகிற ரிவ்யூக்களை அப்படியே தாண்டிப் போய்விடலாம், அந்தக் கோபத்துக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை.

அதனால் ரிவ்யூ படிப்பதற்கு முன்னால் மெனுவை ஒரு தடவை பார்த்து அந்தக் கடை எந்தப் பாணியில் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. பாதிப் புகார்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

சரி, இனி ரிவ்யூக்களைப் படிக்கலாம்

சராசரி ஸ்டாரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்லாரும் மூன்று, நாலு என்று கொடுத்து வந்த 3.5 வேறு, பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் இரண்டும் கொடுத்து வந்த 3.5 வேறு. முதலாவது எப்போது போனாலும் சுமாராக இருக்கும் கடை. இரண்டாவது ஏறினால் மலை இறங்கினால் பள்ளம், நேரம் பார்த்துப் போனால் அள்ளிக்கொள்ளலாம். சுமாராகச் சாப்பிட்டவர் வீட்டுக்குப் போய் எழுதுவதும் இல்லை, எழுதுவது பெரும்பாலும் பூரித்துப் போனவரும் கொதித்துப் போனவரும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் முதலில் மூன்று ஸ்டார் ரிவ்யூக்களைத்தான் படிப்பேன். ஐந்து ஸ்டார் கொடுத்தவர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார், ஒரு ஸ்டார் கொடுத்தவர் திட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று ஸ்டார்காரர்தான் "பீட்சா நன்றாக இருந்தது, ஆனால் சாலட் வாடியிருந்தது, இரண்டாவது பீட்சா வர இருபது நிமிஷம் ஆனது" என்று பிட்டுப் பிட்டு வைப்பார்.

ஒவ்வொரு ரிவ்யூவிலும் நான் தேடுவது தீர்ப்பை இல்லை, நாலு தகவலை: எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, கடையில் உட்கார்ந்து சாப்பிட்டாரா பார்சலா, எத்தனை பேர் போனார்கள், என்ன வாங்கினார்கள். இந்த நாலில் ஒன்றுகூட இல்லாத ரிவ்யூ, அது எத்தனை ஸ்டாராக இருந்தாலும், நமக்கு உதவாது. ஒரே வாரத்தில் பத்துப் பேர் வந்து "அருமையான சுவை, அன்பான உபசரிப்பு, அனைவரும் வாருங்கள்" என்று எழுதி, ஒருத்தர்கூட என்ன சாப்பிட்டார் என்று சொல்லவில்லை என்றால், அது யார் எழுதியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்சல் ரிவ்யூக்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். சூடான பீட்சாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் அதிலிருந்து வரும் ஆவிக்குப் போக வழியில்லை. அட்டை கொஞ்சம் உறிஞ்சும், மீதி பீட்சாமேலேயே திரும்ப இறங்கும். இருபது நிமிஷத்தில் மொறுமொறுப்பு போய்விடும், சீஸ் ஆறி இறுகிவிடும். அட்டை மாதிரி இருந்தது என்று எழுதியவர் அதை அட்டைக்குள் அரை மணி நேரம் வைத்திருந்து சாப்பிட்டிருக்கலாம். பெட்டி நடுவில் மூன்று காலோடு ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலி இருக்குமே, மேல்மூடி தொங்கிப்போய் சீஸில் ஒட்டாமல் இருக்க, அதற்கு 1985-இல் கார்மெலா விட்டாலே என்ற அமெரிக்கப் பெண்மணி காப்புரிமை வாங்கியிருக்கிறார். மூடி ஈரத்தில் தொங்கும் அளவுக்கு உள்ளே ஆவி சேர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

காத்திருந்ததைப் பற்றிய புகார்களையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி மேலாண்மை வல்லுநர் டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது இன்றும் பொருந்தும்: காரணம் சொல்லாமல் காக்க வைத்தால் அதே நேரம் நீளமாகத் தோன்றும், கையில் செய்ய ஏதாவது இருந்தால் குறைவாகத் தோன்றும். அதனால் "ஒரு மணி நேரம் ஆக்கினார்கள்" என்பதை அப்படியே கடிகாரக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அதிலிருந்து வேறொரு தகவல் கிடைக்கிறது. அந்தக் கடையில் யாரும் மேசைக்கு வந்து "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்று சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி நிமிஷம் மொத்தத்தையும் மாற்றிவிடும் என்பதும் உண்டு. உளவியலாளர் டேனியல் கானெமனும் கூட இருந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆட்களின் கையை ஒரு தடவை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடியோடு, தண்ணீரை ஒரு டிகிரி மட்டும் சூடேற்றி மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். பீட்சா கடையில் முடிவு என்பது பில். பில்லில் தப்பு வந்து, அதைத் திருத்தக் கால் மணி நேரம் ஆகி, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை என்றால், நன்றாக இருந்த பீட்சாவும் ரிவ்யூவில் "சுமார்" ஆகிவிடும். ஒரு ஸ்டார் ரிவ்யூவின் கடைசி இரண்டு வரியைப் படியுங்கள், கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு சமாதானம் சொன்ன நான் ஒரே ஒரு விஷயத்தில் சமாதானம் சொல்ல மாட்டேன். சிக்கன் உள்ளே சிவப்பாக இருந்தது, நட்ஸ் ஒவ்வாது என்று சொல்லியும் போட்டுவிட்டார்கள், சாப்பிட்ட மூன்று பேருக்கும் அன்றிரவே வாந்தி, இப்படி விவரத்தோடு இருக்கிற புகார்களை மற்றவற்றோடு சேர்த்துச் சராசரி பார்க்காதீர்கள். ஐம்பது பேர் புகழ்ந்திருந்தாலும் சரி, அந்த ஒன்றைப் பற்றிக் கடை என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பதிலே இல்லை, அல்லது பதிலுக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்றால் நான் வேறு கடை பார்ப்பேன்.

படங்களில் கடை போட்ட படத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்த மங்கலான படங்களைப் பாருங்கள். பாதி சாப்பிட்ட தட்டு ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரத்தை மட்டும் எல்லாரும் கடிக்காமல் வைத்திருக்கிறார்களா என்று தெரியும்.

போகும்போது

முதல் தடவை கூட்டமில்லாத நாளில், அடுப்பு சூடேறிய பிறகு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி போகிற முட்டாள்தனத்தை நான் உங்கள் சார்பில் செய்துவிட்டேன். எளிமையான பீட்சாவை முதலில் வாங்குங்கள்: மாவு, சாஸ், சீஸ், அவ்வளவுதான். மறைத்துக்கொள்ள இடமில்லாத பீட்சா அது, அதில் தேறினால் கடை தேறியது.

டாப்பிங் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், தக்காளியும் அப்படியே, புதிய மொஸரெல்லா சீஸிலும் பாதிக்கு மேல் தண்ணீர். இவை மூன்றையும் ஒன்றாகப் போட்டு, மேலே அன்னாசியும் கேட்டு, அப்புறம் நடுவில் சொதசொதவென்று இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. இரண்டு, அதிகம் போனால் மூன்று. கூட்ட நேரத்தில் போக வேண்டிய கட்டாயம் என்றால் ஒன்றே போதும். ஆர்டர் கொடுக்கும்போதே "அடி நல்லா சிவந்து வரணும், ரெண்டு நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். கல்லடுப்புக் கடையில் இந்த ஒரு வாக்கியம் என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை வேலை செய்திருக்கிறது.

பாதி ஒரு ரகம், பாதி வேறு ரகம் என்று கேட்பதை நான் தவிர்ப்பேன். ஒரு பக்கம் காய்கறி ஈரம், மறுபக்கம் வெறும் சீஸ் என்றால் ஒரே நேரத்தில் இரண்டும் சரியாக வேகாது, ஒன்றுக்காக இன்னொன்று பலியாகும்.

பெரிய கூட்டமாகப் போனால் எல்லா பீட்சாவையும் ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் இரண்டு வந்து பாதி காலியானதும் அடுத்தது. அடுப்புக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், உங்களுக்கும் கடைசித் துண்டுவரை சூடாகக் கிடைக்கும். ஒரே மேசையில் உட்கார்ந்த ஆறு பேருக்கு ஆறு கருத்து வருவதற்கு இதுதான் காரணம், முதல் துண்டை எடுத்தவன் சாப்பிட்டதும், குழந்தைக்கு ஊட்டி முடித்துவிட்டுக் கடைசியாக உட்கார்ந்த அம்மா சாப்பிட்டதும் ஒரே பீட்சா இல்லை. முதல் துண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்புறம் குழந்தையைப் பாருங்கள்.

அளவு பற்றி ஒரு சின்னக் கணக்கு. 18 அங்குல பீட்சா ஒன்று, 12 அங்குல பீட்சா இரண்டைவிடப் பெரியது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கப்படி ஏறுவதால் ஒன்று சுமார் 254 சதுர அங்குலம், மற்ற இரண்டும் சேர்ந்தே 226 தான். "அளவு குறைவு, ஏமாற்றிவிட்டார்கள்" என்கிற புகார்களில் சில இந்தக் கணக்கைப் போடாததால் வந்தவை.

சரியில்லை என்றால்

முதல் துண்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள். முக்கால்வாசி சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னால் யார் கேட்பார்கள்? "நல்லா இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சர்வர் பாவம் என்ன செய்வார், அவர் சமைக்கவில்லை. துண்டைத் தூக்கிக் காட்டி "அடி வேகல, கொஞ்சம் பாருங்க தம்பி, திரும்ப ரெண்டு நிமிஷம் வச்சு எடுத்துக் கொடுக்கச் சொல்றீங்களா" என்று கேட்டால் அவர் உள்ளே போய்ச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கிறது. குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. எல்லாப் பீட்சாவையும் இப்படி மீட்டுவிட முடியாது, கருகியதையும் உப்புக் கரிப்பதையும் மாற்றித்தான் தரவேண்டும். ஆனால் அரைவேக்காட்டை மீட்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் இதைச் செய்யவில்லை. அக்கா குடும்பத்துக்கு முன்னால் சங்கடமாக இருந்தது, எல்லாரும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.

வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் பெட்டியின் மூடியை வழியிலேயே லேசாகத் திறந்து வையுங்கள், ஆவி போகட்டும். ஆறிப்போனால் மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். அடி கனமான வாணலியைச் சிறுதீயில் வைத்து, துண்டை அதில் போட்டு, அடி மொறுமொறுப்பானதும் ஓரமாக நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி ஒரு நிமிஷம் வையுங்கள். மேலே சீஸ் உருகிவிடும், கீழே மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். சில கடைகளின் பீட்சா வாணலியில் சூடு பண்ணிய பிறகுதான் நன்றாக இருக்கிறது, அதைக் கடைக்காரரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் எழுதும்போது

மேலே சொன்ன நாலு தகவலையும் போடுங்கள். சாப்பாடு, கவனிப்பு, காத்திருப்பு மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள், ஒன்றின் கோபத்தை இன்னொன்றின்மேல் ஏற்றாதீர்கள். கடையில் சொன்னீர்களா, என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் இரண்டாவது தடவை போய்விட்டு எழுதுவது நல்லது, ஆனால் அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பதும் புரிகிறது. சர்வரின் பெயரைப் போட்டுத் திட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றாவது தடவை நான் போனது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. ஒரே டாப்பிங், "அடி நல்லா சிவக்கட்டும்" என்று சொல்லி வாங்கினேன், செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட அதே பீட்சா திரும்பக் கிடைத்தது. நாலு ஸ்டார் கொடுத்து, எந்த நேரத்தில் போக வேண்டும், எந்த நேரத்தில் போகக் கூடாது என்றும் எழுதினேன். எனக்கு நேர் மேலே ஒரு ஸ்டார் ரிவ்யூ ஒன்று இருக்கிறது: "தம்பி பேச்சை நம்பிப் போனோம்." அக்கா எழுதியது. அவள் சனிக்கிழமை எட்டரை மணி என்று தெளிவாகப் போட்டிருக்கிறாள், அதனால் நான் குறை சொல்ல முடியவில்லை.